அறுந்த பிறகு

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. யாழ்ப்பாணத்து வழக்கம் லண்டனுக்கும் கூடவே வந்துவிட்டது. ஆனால் நான் மீன் பிடிக்கப் போவது வெள்ளி பின்னேரங்களில்தான். அன்றைக்குத்தான் வேலை வெள்ளென முடியும். பிடிப்பதை வீட்டுக்குக் கொண்டுவருவதும் இல்லை. கெண்டையைப் பிடித்து, நிறை பார்த்து, படமெடுத்து, திரும்பத் தண்ணீரில் விடுவதே இங்கத்தைய வழக்கம்.

அம்மாவுக்கு இது விளங்கவேயில்லை. “தின்னுறதெண்டால் பிடி. தின்னேல்லையெண்டால் அதின்ரை வாயை ஏன் குத்துறாய்?” என்று கேட்டார்.

கொன்று தின்பதைவிட உயிரோடு விடுவதில் பாவம் குறைவு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மா தராசை மறுபக்கம் திருப்பிவிட்டார். ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அவர் பக்கந்தான். தகுந்த காரணமில்லாமல் முதுகெலும்புள்ள உயிருக்கு வலி தரக்கூடாது என்கிறது அது. உண்பது காரணம், விடுவதற்கென்றே பிடிப்பது காரணமாகாது என்பதே அங்கே பொதுவான விளக்கம். சுவிட்சர்லாந்தும் அப்படிப் பிடிப்பதைத் தடுத்திருக்கிறது. இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமோ வழமையான மீன்பிடிப்பைத் தொடவில்லை. சட்டம் என்னை விட்டது. அம்மாவின் கேள்வி விடவில்லை.

மீனுக்கு வலிக்குமா? 2003இல் விஞ்ஞானி லின் ஸ்னெடனும் கூட்டாளிகளும் ட்ரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசெட்டிக் அமிலத்தையும் ஏற்றிப் பார்த்தார்கள். அமிலம் ஏறிய மீன்கள் தொட்டியின் சரளையில் உதட்டைத் தேய்த்தன. அதை வலி என்று சொல்லலாமா என்று இன்னும் வழக்காடுகிறார்கள். வழக்கு முடியும்வரை சந்தேகத்தின் பலன் யாருக்கு? எனக்கே கொடுத்துக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

லீ ஆற்றுப் பள்ளத்தாக்கில் சரளை அள்ளிய பழைய குழிகள் இப்போது குளங்கள். அவற்றில் ஒன்றில், ஒரு பின்னேரம், பெரிய கெண்டையொன்று மூழ்கிக் கிடந்த மரத்துக்குள் ஓடி, நைலோன் தங்கூசியை அறுத்துக்கொண்டு போனது. “தப்பிவிட்டது” என்றேன். பக்கத்தில் இருந்த வயதான ஆங்கிலேயர் என் மற்றத் தூண்டிலைத் தூக்கிப் பார்த்தார். முள் தானாகவே கொளுவட்டும் என்று பாரத்துக்குக் கோத்த ஈயம் அசையாதபடி இருபுறமும் முடிச்சுப் போட்டிருந்தேன். “எங்கே தப்பியது? மூன்று அவுன்ஸ் ஈயத்தை இழுத்துக்கொண்டல்லவா திரிகிறது” என்றார். அந்த ஈயம் ஒரு வேரில் சிக்கினால் போதும். மீன் கட்டிய மாடுபோல அங்கேயே கிடந்து சாகும்.

அன்று பிடித்த இரண்டு மீன்களை நனைத்த மெத்தையில் பக்குவமாகக் கிடத்தி முள் கழற்றியிருந்தேன். என் இரக்கமெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த மீனோடு முடிந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துச் சைவசமய பாடத்தில் ஆகாமியம் என்றொரு சொல் வரும்: இந்தப் பிறப்பில் புதிதாகச் சேர்க்கும் வினை. பரீட்சைக்காகப் பாடமாக்கிய சொல். நான் கரையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, நான் போட்ட முடிச்சு தண்ணீருக்கடியில் இன்னும் இறுகியே இருந்தது. அப்போதுதான் அந்தச் சொல்லின் பொருள் பிடிபட்டது.

இப்போது என் தூண்டில் கட்டு சின்னப்பிள்ளையும் கட்டக்கூடியது. 15 இறாத்தல் தாங்கும் தங்கூசி ஈயத்தின் வளையத்துக்குள் தடையில்லாமல் ஓடும். பிறகு ஒரு ரப்பர் மணி, சுழலும் இணைப்பான ஒரு சுவிவல், 12 இறாத்தல் தாங்கும் நூலில் ஒரு சாண் துண்டு, எதிர்முள் இல்லாத தூண்டில்முள். இரையான சோளமணியை முள்ளில் குத்துவதில்லை. ‘ஹெயார்’ முறையில் முள்ளுக்குப் பின்னே மெல்லிய நூலில் தொங்கவிடுவேன். அதனால் முள் பெரும்பாலும் உதட்டில்தான் பிடிக்கும். நுனித்துண்டு பலம் குறைந்தது என்பதால், இழுபறியில் முதலில் அறுவதும் அதுவாகவே இருக்கும். மேலே தங்கூசி அறுந்தால் ஈயம் வழுக்கி விழுந்துவிடும். ஈயத்தைப் பூட்டக் கடையில் விற்கும் கிளிப்பும் குழாயும் சரியாகப் பூட்டினால் வேலை செய்யக்கூடியவைதான். ஆனால் கூடுகிற ஒவ்வொரு துண்டும் ஈயம் சிக்குவதற்கு இன்னோர் இடம்.

கட்டி முடித்ததும் ஈயத்துக்கு ஓரடி மேலே தங்கூசியை வெட்டுவேன். முள்ளைப் பிடித்துத் தூக்கி உதறுவேன். ஈயம் புல்லில் விழவேண்டும். விழாவிட்டால் அந்தக் கட்டு தண்ணீருக்குப் போகாது.

இதனால் பாவம் கழிந்தது என்று சொல்லமாட்டேன். அம்மாவுக்குச் சொல்ல இன்னும் என்னிடம் மறுமொழி இல்லை. ஒருநாள் தூண்டிலை மடித்து வைத்தாலும் வைப்பேன். அதுவரை, கரையேறிய மீனை எவ்வளவு பக்குவமாக விட்டேன் என்று பெருமை பேசுவதில்லை. கரையேறாத மீனோடு எதைப் போகவிட்டேன் என்பதே என் கணக்கு. நீங்களும் கரையில் நிற்கிறவரென்றால், எறியுமுன் ஒருதரம் வெட்டிப் பாருங்கள்.