மடியில் அமர்த்திக் கற்பித்தல்



ஆதிபகவன் விருஷபதேவர் இல்லறத்திலிருந்த காலத்தில் வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிபம், சிற்பம் என்னும் அறுதொழில்களை உலகோர்க்குக் கற்பித்தருளினார். தம் புதல்வியருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பிக்கும்போது இருவரையும் மடிமீது அமர்த்திக்கொண்டார் என்று ஜினசேனாசாரியாரின் ஆதிபுராணம் கூறுகின்றது. பலமுறை படித்தும், அந்த மடியை நான் கவனித்ததில்லை.

சென்ற ஆண்டு பனையோலைப் பெட்டி முடையக் கற்கத் தொடங்கினேன். ஈர்க்கு நீக்கி, ஓலையை ஒரே அகலமாக வகிர்வதற்கே பல நாள்கள் ஆயின. அடிப்பாகம் எளிது, மூலை திருப்பும் இடத்தில்தான் கை திகைத்தது. கற்பித்த அம்மையார் நான் முடைந்ததைப் பிரித்துக் கொடுத்து, "ஓலை காய்ந்துவிட்டது, சிறிது நீர் தெளியுங்கள்" என்பார். குற்றத்தை ஒருநாளும் என்மீது ஏற்றியதில்லை.

அப்போது என் மகனை நினைத்தேன். வகுத்தல் கணக்கில் ஒரே பிழையை அவன் மும்முறை செய்ய, "எத்தனை முறை சொல்வது?" என்று சிலேட்டைப் பிடுங்கினேன். பிறர் பிள்ளைகளிடம் பொறுமை காட்டப் பயிற்சி பெற்றவள்தான். வீட்டில் அப்பயிற்சி துணைவரவில்லை. பத்து அறங்களுள் உத்தம பொறையை முதலாவதாக ஓதுகின்றோம். வன்சொல்லும் இம்சையே என்று பிறர்க்கு உரைக்கின்றோம். பிள்ளைகளின் பாட நேரத்தில் மட்டும் இரண்டையும் மறந்துவிடுகின்றோம்.

நீங்களும் அறியாத கைத்தொழில் ஒன்றைக் கற்கத் தொடங்குங்கள். பிள்ளைகள் காணவே தவறுங்கள்.

அண்மையில் மகனிடம் இதைச் சொன்னேன். அந்தச் சிலேட்டு அவனுக்கு இன்னும் நினைவிருக்கின்றது.