காப்புக்காக இடும் காயம்

குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் குழந்தையை அமர்த்தி ஆசாரி குத்திவிடும் காது சில வாரங்களில் ஆறிவிடும் என்பதே எல்லாப் பெற்றோரின் எதிர்பார்ப்பாக இருக்க, சிலருக்கு மட்டும் துளை ஆறிய பிறகும் அவ்விடத்துத் தழும்பு நிற்காமல் வளர்ந்து, மடலின் பின்புறம் சுண்டைக்காய் அளவில் பளபளப்பாகவும் கெட்டியாகவும் திரண்டு, ஓயாமல் அரிக்கும் கட்டியாகிவிடுகிறது. நேர்த்திக்கடனில் ஏதோ குறை நேர்ந்தது, தெய்வக் குற்றம் ஆகிவிட்டது என்று வீட்டார் அஞ்சுவதும், அந்த அச்சத்தாலேயே மருத்துவரிடம் போகத் தயங்குவதும் உண்டு. அந்த அச்சத்துக்குச் சமயத்தில் இடம் இருக்கிறதா என்பது ஆராயத்தக்க கேள்வி.

இக்கட்டியைக் கீலாய்டு என்பர். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரெஞ்சு மருத்துவர் அலிபெர் இட்ட பெயர் அது. காயத்தை மூடுவதற்காக உடல் உண்டாக்கும் கொலாஜன் என்னும் நார்ப்புரதம், வேலை முடிந்த பின்னும் சுரந்துகொண்டே இருப்பதால், தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டிப் பரவுகிறது. எல்லைக்குள்ளேயே தடித்து நாளடைவில் தணிந்துவிடும் சாதாரணத் தடிப்புத் தழும்பு இதனின்று வேறானது. கீலாய்டு புற்றுநோய் அன்று. கருநிறத் தோலினரிடமும், குடும்பத்தில் முன்பே இருந்தவரிடமும் மிகுதியாகக் காணப்படுவது. ஆக, ஆற்ற வந்த ஆற்றலே அளவு மீறியதன் விளைவு இது. இதில் தண்டனையைத் தேடுவதற்கு ஏதுமில்லை.

காதுகுத்தை விதிக்கும் பழைய நூல்களும் இப்படித்தான் நினைத்தன. கர்ணவேதம் என்னும் இச்சடங்கின் நோக்கம் காப்பும் அணியும் என்று கூறும் சுசுருத சங்கிதை, வெயில் ஊடுருவித் தெரியும் மெல்லிய இடம் பார்த்துக் குத்தச் சொல்கிறது. தவறான இடத்தில் குத்தினால் வீக்கமும் வலியும் காய்ச்சலும் வரும் என்று எச்சரித்து, அப்போது துளையில் இட்ட திரியை நீக்கி மருந்திட்டு, ஆறிய பின் மீண்டும் குத்தும் முறையையும் சொல்கிறது. சடங்கைச் சொன்ன அதே இடத்தில் வைத்தியத்தையும் சொன்ன நூல் அது என்பது மனங்கொள்ளத்தக்கது.

எல்லாம் பிராரத்த வினை, அதாவது இப்பிறவியில் நுகர்ந்தே தீர வேண்டிய பழவினை என்று சைவ நூல்வழி நின்று ஒருவர் வாதிடலாம். ஆனால் வினைக்கொள்கை துன்பத்துக்குக் காரணம் கூறுகிறதே தவிர, மருந்தைத் தடுப்பதில்லை. உடம்பை இழிவென்று எண்ணியிருந்து, அதனுள் இறைவன் குடியிருப்பதைக் கண்ட பின் அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் கூறுவதும் இதற்கே அரணாகிறது.

கீலாய்டை வெட்டி எடுத்து அத்துடன் விட்டுவிட்டால் பெரும்பாலும் மறுபடி வளரும், சில வேளை முன்னிலும் பெரிதாகவே வளரும். ஆகவே ஸ்டீராய்டு ஊசி, அழுத்தக் கம்மல் போன்றவற்றைத் தோல் மருத்துவர் உடன் சேர்க்கிறார். பதினொரு வயதுக்குப் பின் குத்தப்படும் காதுகளில் கீலாய்டு கூடுதலாக வருவதும் கண்டறியப்பட்டுள்ளது. பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இத்தகைய தழும்பு இருக்குமானால், குழந்தைக்கு நாள் குறிக்கும் முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால், அக்குழந்தைக்கு முடியிறக்குவதோடு நிறுத்திக்கொள்ளலாம். காப்புக்கென்று ஏற்பட்ட சடங்கில் அது குறையாகாது.