அந்தக் கொப்பியை வெளியே எடு!

உன் அம்மாவுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? சொல்!

அப்பாவின் சீனி போன வருஷம் எவ்வளவு இருந்தது? அப்பாயிக்கு எந்த ஆண்டில் ஒப்பரேஷன் நடந்தது?

"கிளினிக் கொப்பியில இருக்கும்" என்கிறாயா? எங்கே அந்தக் கொப்பி? ஒழுகும் லயத்துக் கூரைக்குக் கீழே, பொலித்தீன் பைக்குள், பாதி நனைந்து!

டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையில் ஒரு துண்டு. நுவரெலியாவில் இன்னொன்று. கண்டிக்கு அனுப்பினால் மூன்றாவது.

"முன்னாடி என்ன மருந்து குடிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். "வெள்ள மாத்திரைங்க, டொக்டர் ஐயா" என்கிறாள் அம்மா. உலகத்தில் எத்தனை வெள்ளை மாத்திரை!

கையில் தாள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்கா தெரியாது? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம் பாட்டன்மாரிடம் அத்தாட்சி கேட்டது. காட்ட முடியாமல் நாடற்றவர்களாக நின்றார்கள். மிச்சமிருந்தவர்களுக்கும் கதவைத் திறந்த சட்டம் வர 2003 ஆயிற்று!

2014 ஒக்டோபர் 29. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. மண்ணுக்குள் போன கொப்பியை யார் தோண்டித் தருவார்?

இன்னும் எதற்குக் காத்திருக்கிறாய்?

தாள்களைச் சேமித்து, கேட்டதும் தேடித் தரும் பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் என்று ஒரு மென்பொருள். காசு வேண்டாம். ஒரு பழைய கணினி போதும். அதில் லினக்ஸ் என்ற இயங்குதளம், லினக்ஸில் மென்பொருளை ஓட்டும் டொக்கர், டொக்கரில் இது.

கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்து உள்ளே போடு. தமிழ், சிங்கள மொழிப் பொதிகளைச் சேர்த்துக்கொண்டால், அச்சடித்த ரிப்போட்டை டெசரக்ட் என்ற கருவி வாசித்து எழுத்தாக்கும். டொக்டரின் கையெழுத்துக்கு அதை நம்பாதே. கையெழுத்தை நீயே தட்டெழுது. புரியாவிட்டால் தோட்டத்து மருத்துவ உதவியாளரிடம் கேள். கேட்பதில் என்ன வெட்கம்?

யாருடைய தாள், என்ன திகதி, என்ன நோய்? இந்த அடையாளங்களை இடு. பிறகு "பிரஷர்" என்று தேடிப் பார். அப்பாவின் பல வருஷம் வரிசையாக வந்து நிற்கும்!

கணினி உன் வீட்டில். தாள்களும் உன் வீட்டில். எந்தக் கம்பனியின் சேர்வருக்கும் போகவில்லை. ஒரு தடவை இறக்கி நிறுவிவிட்டால், டேட்டா தீர்ந்தாலும் வீட்டு வைஃபையில் ஓடும்.

"நான் கொழும்பில படிச்சவன் இல்ல." அதனால்?

"எனக்கு இங்கிலீஷ் வராது." கட்டளைகள் சில வரிதான். அகராதியை வைத்துக்கொண்டு அடி!

2004 டிசம்பரில் சுனாமி வந்தது. காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிய மென்பொருள் வேண்டியிருந்தது. வெளிநாட்டுக்காரன் தரட்டும் என்று இலங்கைத் தொண்டர்கள் இருந்தார்களா? உட்கார்ந்து எழுதினார்கள். அதுதான் சஹானா! 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெயிட்டியிலும் அது வேலை செய்தது. உன்னிடம் யாரும் புதிதாக எழுதச் சொல்லவில்லை. எழுதி வைத்ததை ஓட்டத்தான் சொல்கிறேன்!

முதல் தடவை ஓடாமல் போகலாம். கறுப்புத் திரையில் பிழை வரும். பயமா? அட்டை கடிக்கும் என்று உன் அம்மா மலைக்குப் போகாமல் இருந்தாளா? பிழையை வாசி. தேடு. மறுபடி அடி. மறுபடியும் பிழையா? மறுபடியும் அடி!

ஒன்றில் மட்டும் அசட்டையாக இருக்காதே. வீட்டில் ஒரே பிரதி இருந்தால், மலை சரிந்தால் அதுவும் போகும். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய இன்னொரு பிரதியைப் பென் டிரைவில் ஏற்றி, வேறு ஊரிலுள்ள சித்தி வீட்டில் வை. பழைய கொப்பியையும் எறியாதே. கிளினிக்கில் அதைத்தான் கேட்பார்கள்.

அம்மாவிலிருந்து தொடங்கு. ஒவ்வாமை, இப்போது குடிக்கும் மருந்து, இரத்த வகை. இந்த மூன்றையும் ஒரு பக்கத்தில் அச்சடித்து அவள் பர்ஸில் வை. பவர் கட்டானாலும் அந்தத் தாள் பேசும்.

பக்கத்துக் காம்பராவிலிருந்து கேட்டு வருவார்கள். அவர்களுடைய ரிப்போட்டை உன் கணினியில் கொட்டாதே! நோய் அந்தந்தக் குடும்பத்தின் இரகசியம். அவர்கள் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடு. பக்கத்தில் உட்கார வை. முதல் கட்டளையை அவளே அடிக்கட்டும்!