பழக்கம் என்ன, வேலை என்ன?

நோயாளியிடம் முதலில் எந்தக் கேள்வி கேட்கப்படுகிறதோ, அதுவே பழியை யார் தலையில் ஏற்றுவது என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. வாயில் ஆறாத புண்ணோடு வருகிற திருப்பூர்த் தொழிலாளியிடம் கேட்கப்படுவது: 'என்ன பழக்கம்?' கேட்க வேண்டிய கேள்விதான். வாய்ப்புற்றுக்குப் புகையிலையும் பாக்கும் முதன்மையான காரணங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கேள்வி அதோடு நின்றுபோகிறதே, அங்கேதான் அரசியல் இருக்கிறது.

எங்கள் சித்தப்பா இருபது வருஷம் சாயப்பட்டறையில் நின்றவர். சதை எடுத்துச் சோதித்த ரிப்போர்ட்டில் 'ஸ்குவாமஸ் செல் கார்சினோமா' என்றிருந்தது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு இங்கிலீஷில் விளக்கினார். அவரிடம் சொன்னது ஒரே வரி: "பொகையிலையப் போட்டு நீயே இழுத்துக்கிட்டது." வெளியே வந்ததும் சித்தப்பா கேட்டார்: "ஏங்கண்ணு, நோவு எனக்குத்தான வந்திருக்குது? அதும் பேர எங்கிட்டச் சொல்ல மாட்டாங்களா?"

சொன்னேன். தோலின் மேலும், வாய், தொண்டை, கருப்பை வாய் இவற்றின் உட்புறத்திலும் ஓடு வேய்ந்த மாதிரிப் படிந்திருக்கும் தட்டையான செல்கள் கட்டுமீறிப் பெருகுவதுதான் இந்த நோய். தொட்டால் ஒட்டாது. சீக்கிரம் கண்டால் குணப்படுத்த வழி உண்டு. பேர் தெரிந்த பிறகு கேள்வி கேட்கத் தொடங்கியவர் அவர்தான். கழுத்துக்குப் பரவியிருக்குதா? அறுக்கணுமா, கரண்டு வைக்கணுமா? பேர் தெரியாதவனுக்குப் பயம் மட்டும்தான் மிஞ்சும். பேர் தெரிந்தால்தான் கேள்வி பிறக்கும்.

புகையிலை பற்றியும் அவரே சொன்னார்: "ஒன்றரை ஷிப்ட்டு முடிச்சு, நைட்டும் நில்லுன்னா எப்பிடி நிக்கறது? தூக்கத்தையும் பசியையும் அமுக்கத்தான் போட்டது."

இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, தொழிலாளர் நோய்கள் பற்றி 1700இல் வெளியிட்ட நூலில், 'என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் நோயாளியிடம் கேளுங்கள் என்றார். 1775இல் லண்டனின் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைத்தவர்களுக்கு விதைப்பையில் வந்த புற்றுக்குப் புகைக்கரியே காரணம் என்று காட்டினார். அதுவும் இதே செதிள் செல் புற்றுதான். அதுவரை மருத்துவர்கள் அதைப் பால்வினை நோய் என்றே எண்ணியிருந்தார்கள். சின்ன வயசிலிருந்து கரிக்குள் நுழைந்தவர்களின் ஒழுக்கத்தின் மேல் பழி! பின்னர் இங்கிலாந்தின் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு இயந்திர எண்ணெயால் இதே புற்று வந்தது. 1953இல்தான் அங்கே அதற்கெனத் தனி விதிகள் வந்தன. நம் நாட்டிலும் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில், தார், கனிம எண்ணெய் போன்றவற்றால் வரும் தோல் புற்று தொழில்நோயாக இடம் பெற்றது. வேலையைப் பற்றிக் கேட்டதால்தான் சட்டம் பிறந்தது.

சாயம்தான் சித்தப்பாவின் புண்ணுக்குக் காரணம் என்பதல்ல என் வாதம். அவருக்குத் தெரிவே இருக்கவில்லை என்று சொல்வதும் தவறு. அது அவரை மனுஷனாக மதிக்காத பேச்சு. பொறுப்பு வேறு, பழி வேறு. 'இனிப் புகையிலையைத் தொடாதீர்கள்' என்பது பொறுப்பைப் பற்றிய பேச்சு. அது நாளையைப் பார்க்கிறது. 'நீயே இழுத்துக்கிட்டது' என்பது பழி. அது வாயை அடைக்கிறது. போன பிறவிப் பாவம் என்று சொல்லி நம் பிறப்புக்கு நம்மையே பொறுப்பாக்கியவர்களை நாம் அறிவோம். அந்தக் கர்மத்தின் இடத்தில் இன்று 'பழக்கம்' வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டிலும் வேலை வாங்கியவன் கணக்கில் வருவதே இல்லை.

பழி சுமந்தவர் புண்ணை மறைக்கிறார். மறைத்த புண் முற்றுகிறது. டீக்கடைத் தனிக் குவளையை எதிர்த்து நின்ற நம் வீடுகளிலேயே, ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, நோயாளிக்குத் தனித் தம்ளர் வைக்கப்படுகிறது. இந்தத் தீண்டாமையை ஒழிப்பதும் நம் வேலையே.

ஆகவே சங்கங்களும் மாணவத் தோழர்களும் ஆஸ்பத்திரிக்குக் கூடப்போகிற ஒவ்வொருவரும் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும். நோயின் பேரை நோயாளியிடமே, அவர் மொழியிலேயே சொல்ல வேண்டும். பழக்கத்தை எழுதுகிற அதே சீட்டில் வேலையையும், எத்தனை மணி நேரம், எத்தனை வருஷம் என்பதையும் எழுத வேண்டும். பழி சொல்லாமல் வைத்தியம் பார்க்க வேண்டும். இதில் கருணைக்கு இடமில்லை, இது உரிமை.