பாட்டுக்கு விலை, கடலுக்குக் கடன்

பசுபிக் சமுத்திரத்தில் 80இற்கும் அதிகமான தீவுகளைக் கொண்ட நாடு வனுவாட்டு. அதன் வடக்கே, பேங்க்ஸ் தீவுகளைச் சேர்ந்த பெண்களுக்குக் கடல்தான் மேளம். இடுப்பளவு நீரில் வரிசையாக நின்று, உள்ளங்கையால் அறைந்தும் வழித்தும் ஆழ அமுக்கியும் தாளம் எழுப்புகிறார்கள். அங்கிருந்து சாந்தோ தீவுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் இந்த நீரிசையை உல்லாசப் பயணிகள் முன் நிகழ்த்தி வருமானம் தேடுகின்றன.

2015 மார்ச்சில் ‘பாம்’ சூறாவளி அந்நாட்டைச் சிதைத்தது. 2020 ஏப்ரலில் ‘ஹரோல்ட்’ சாந்தோவையே தாக்கியது. கடல் சூடேறச் சூறாவளிகளின் உக்கிரமும் கூடுகிறது. மனிதர் வெளியிடும் காபனீரொட்சைட்டில் சுமார் 2.5 வீதம் விமானங்களிலிருந்து வருகிறது. தொலைதேசத்து விருந்தாளியும் விமானத்தில்தான் வந்திறங்குகிறார். கெடுதியில் பங்குள்ளவரைப் பாடி வரவேற்று, அவர் தரும் காசிலேயே கெடுதியைச் சமாளிப்பது முறையா?

கலையை விற்கலாமா என்று சிலர் உடனே கேட்பார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் எடுக்கும் என் போன்றோருக்கு அந்தக் கேள்வி இலேசு. கூரை பறிபோன வீட்டுக்காரிக்கு அப்படியல்ல. தன் கைத்திறனுக்கு அவள் கூலி வாங்குவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. என்னை உறுத்துவது காசு கொடுப்பவரின் மனக்கணக்கு. அவர் கொடுத்தது பாட்டுக்கான விலை. சூடேறிய கடலுக்கான கடன் வேறு கொப்பியில் எழுதப்பட வேண்டியது. ‘நானும் இவர்களுக்கு உதவினேன்’ என்ற நிறைவோடு அவர் விமானம் ஏறும்போது இரண்டும் ஒன்றாய்க் கழிக்கப்பட்டுவிடுகின்றன. இன்று கைக்காசுக்கு வாங்கிய சீனியைக் காட்டி, பழைய பாக்கியும் தீர்ந்தது என்றால் எந்தக் கடை முதலாளி ஒத்துக்கொள்வார்?

இதைப் பத்தாம் தரத்தில் சொன்னபோது, “அப்ப அவங்க வராமலே இருந்தா நல்லந்தானே, சேர்?” என்றாள் ஒரு மாணவி. 2020 மார்ச் முதல் 2022 ஜூலை வரை கொரோனாவால் வனுவாட்டுவின் எல்லை மூடிக் கிடந்தது. பயணிகள் வரவில்லை. ஹரோல்ட் வந்தது அந்தக் காலத்தில்தான். வராமலிருப்பதாலும் பழைய பாக்கி தீர்வதில்லை.

அந்நாட்டவர் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2019இல் தென் பசுபிக் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் தொடங்கிய முயற்சியை வனுவாட்டு அரசு கையிலெடுத்து ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனது. 2025 ஜூலை 23இல் சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தை வெளியிட்டது: காலநிலையைத் தீங்கிலிருந்து காப்பது அரசுகளின் சட்டக் கடமை; மீறினால் நட்டஈடு கொடுக்கவும் நேரலாம். அது கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல. யார் எவ்வளவு கட்டவேண்டும் என்ற கணக்கும் அதில் இல்லை.