பல் சொன்ன சேதி

பின்லாந்தில் ஒரு குடும்பம். அதில் 11 பேருக்குக் குறைந்தது 8 நிரந்தரப் பற்களாவது முளைக்கவே இல்லை. அவர்களில் இரண்டு பேருக்கு முளைத்த நிரந்தரப் பற்கள் மொத்தமே 3தான். ஹெல்சிங்கியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2004ல் இந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். பல் இல்லாதவர்களில் 8 பேருக்குப் பெருங்குடலில் புற்றுநோயோ அதற்கு முந்தைய கட்டிகளோ இருந்தன. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: ஆக்ஸின்2 என்ற மரபணுவில் ஒரு பிழை.

கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் இர்மா தெஸ்லெஃப். பல் மருத்துவம் படித்துவிட்டு, எலிக்கருவில் பல் எப்படி உருவாகிறது என்று பார்ப்பதிலேயே பல பத்தாண்டுகளைச் செலவழித்தவர். பல்லுக்காக மட்டும் உடல் தனிச் சமிக்ஞை எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. நாங்கள் ஒரே லைப்ரரியைப் பத்து ப்ராஜெக்ட்டில் போடுகிற மாதிரிதான். பல் முளைக்கச் சொல்லும் விண்ட் சமிக்ஞைதான் குடலின் உட்சுவரையும் புதுப்பிக்கிறது. ஆக்ஸின்2 அதற்கு பிரேக். பிரேக் பழுதானால் வாயில் ஒரு விளைவு, குடலில் இன்னொன்று.

இதைப் படித்த இரவு ஒரு மணிக்கு நாக்கால் என் பற்களை எண்ணினேன். எனக்கும் ஒன்று குறைவு. பயந்துடாதீங்க, ஞானப்பல்லை விட்டுவிட்டால்கூட நூற்றில் சுமார் ஆறு பேருக்கு ஒன்றிரண்டு பல் முளைப்பதில்லை. அதற்கும் புற்றுநோய்க்கும் பெரும்பாலும் சம்பந்தமே கிடையாது.

ஆனால் அந்தக் குடும்பத்தில் சம்பந்தம் இருக்கிறது. என்னைத் தூங்கவிடாத கேள்வி அதுதான். பெரியவனான பிறகு வரக்கூடிய நோய்க்குக் குழந்தையை இப்போதே சோதிக்காதீர்கள், அறியாமல் இருக்கும் உரிமை அவனுக்கு உண்டு என்பது மரபணு ஆலோசனையில் பொதுவாகச் சொல்லப்படும் நெறி. சரியான நெறிதான். ஆனால் இந்த வீட்டில் பன்னிரண்டு வயசுப் பையனுக்குத் தனியாக டெஸ்ட் எதற்கு? தாடை எக்ஸ்ரேயே டெஸ்ட். கண்ணாடி முன்னால் வாயைத் திறந்தால் போதும். அவன் வாய் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

"உங்களிடம் ஒன்று சொல்லலாமா?" என்று மருத்துவர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். கேட்ட மாத்திரத்திலேயே பாதி சொல்லியாகிவிட்டது. அக்காவிடம் சொன்னால் தம்பிக்கும் சொன்ன மாதிரிதான், அவனுக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். ஹண்டிங்டன் நோய் போல, தெரிந்தும் தடுக்க வழியில்லாத ஒன்று என்றால் இவ்வளவு தைரியமாக எழுத மாட்டேன். இங்கே கொலோனோஸ்கோபி இருக்கிறது. கட்டி புற்றாவதற்கு முன்பே வெட்டி எடுத்துவிடலாம். காப்பாற்ற வழி இருக்கும்போது மௌனத்துக்கு உரிமை என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. எப்போது சொல்வது என்பதில்தான் தடுமாறுகிறேன். பதினெட்டில்? பெற்றோரிடம் இப்போதே சொல்லி, அந்தச் சுமையை ஆறு வருஷம் அவர்கள் தலையில் வைப்பதா?

நாற்காலியில் சாய்ந்திருக்கும் பையனோ, கம்பியை எப்போ கழட்டுவீங்க என்று கேட்கிறான்.