வெள்ளியின் கருமையும் உயிரின் சார்பும்



கம்பர் அடங்கிய இடமெனப் போற்றப்படுவதும், கண்ணுடைய நாயகி கோயில் கொண்டருள்வதுமாகிய நாட்டரசன்கோட்டை, நகரத்தார் பெருமனைகள் நிறைந்த ஊர். மணச்சீராக வந்த வெள்ளிக் குடமும் விளக்கும் செம்பும் பெயர் பொறிக்கப்பெற்று, அம்மனைகளில் வழிவழியாகப் பேணப்படுகின்றன. பெட்டகத்துள் ஒருவர் கையும் படாது வைத்த அவை, அடுத்த மணத்திற்கு எடுக்குங்கால் கறுத்திருத்தல் யாவரும் அறிந்ததே. பூட்டிய பெட்டகத்துள் மாசு புகுந்தது யாங்ஙனம்?

வெள்ளி இரும்புபோலத் துருப்பிடிப்பதன்று. தூய காற்று அதனைக் கறுக்கச் செய்யாது. காற்றில் மிகச் சிறிதாகக் கலந்துள்ள கந்தக ஆவியே அதனைப் பற்றுகின்றது. முட்டை, வெங்காயம், கம்பளி, ரப்பர், சாக்கடை என்பன அதற்கு வாயில்கள். ஈரம் அதற்குத் துணை. அக்கருமை மேலே பூசிய மையன்று. வெள்ளியும் கந்தகமும் கூடிய கூட்டுப்பொருளாம். அதன் நிறையில் நூற்றுக்கு 87 பங்கு வெள்ளியே. எஞ்சிய 13 பங்கே கந்தகம்.

ஆணவமலத்திற்குச் செம்பிற் களிம்பை நம் ஆன்றோர் உவமை கூறினர். ஆணவம் உயிரோடு உடன்தோன்றிய சகசமலம் ஆகலின், இடையே வந்து பற்றும் வெள்ளியின் கருமை அதற்கு உவமையாகாது. ஆயினும், உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்னும் உண்மைக்கு இது நல்லதொரு சான்றாம். கந்தகத்தைச் சார்ந்த வெள்ளி கறுத்தது. தீயாரைச் சார்ந்த உயிரும் அத்தன்மைத்தே.

இனி, கருமை நீக்கும் வகை இரண்டு. மணலும் சாம்பலும் இட்டு அழுத்தித் தேய்த்தல் ஒன்று. அங்ஙனம் தேய்த்தால் கருமையோடு அதனுட் கலந்த வெள்ளியும் போம். பொறித்த பெயரும் நாளடைவில் மழுங்கும். மற்றொன்று, அலுமினியத் தகட்டின்மேல் கலத்தைப் பொருந்த வைத்துச் சமையற் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றுதல். அப்பொழுது கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்தைச் சாரும். வெள்ளி மீண்டும் வெள்ளியாம். கல்லிழைத்தனவும் அரக்கு நிறைத்தனவும் இம்முறைக்கு ஆகா.

இதனை மனைவாழ்க்கைக்கும் பொருத்திக் காண்மின். மக்கள்பால் ஒரு குற்றம் கண்டவிடத்து வன்சொல்லால் தேய்க்கும் பெற்றோர், குற்றத்தோடு அவர்தம் நல்லியல்பையும் தேய்த்துவிடுகின்றனர். குற்றம் சார்பினால் வந்ததாயின், சார்பினை மாற்றுதலே மருந்து. அடியார் இணக்கத்தை நம் சமயம் வற்புறுத்துவதும் இதுபற்றியே.

வந்தபின் நீக்குதலினும் வாராமற் காத்தல் சிறப்புடைத்து. கலங்களைக் கழுவி, ஈரம் அறத் துடைத்து, தூய பருத்தித் துணியிற் பொதிந்து வைமின். ரப்பர் நாடாவால் கட்டற்க. பூசைக்குரிய செம்பையும் விளக்கையும் பெட்டகத்தில் இட்டுவையாது நாடோறும் எடுத்து வழங்குமின். அன்றாடம் கழுவித் துடைக்கப்படும் கலத்தில் கருமை எளிதில் தடிப்பதில்லை. திருநாளுக்கு மட்டும் வெளிப்படும் பத்தியும் பெட்டகத்து வெள்ளி போன்றதே. ஆகலின், வழிபாட்டை நாடோறும் இடையறாது செய்து உய்வோமாக.